தொட்டிக்குள் யார் இறங்குவது?

மழைக்காலம் கழிந்து வீட்டு வேலைகள் சூடு பிடிக்கும் மாதங்களில், மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி ஒன்று வரும். புதிதாகக் கட்டிய வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார். தீயணைப்புத் துறையினர் இருவரது உடல்களையும் மீட்டனர். போலீசார் விசாரிக்கின்றனர். பெயரும் வயதும் ஊரும்தான் மாறும். தலைப்பில் 'விஷவாயு' என்று இருக்கும். இன்னும் யாரும் பயன்படுத்தாத புதுத் தொட்டியில் விஷவாயு எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

எங்களால் புரட்ட முடிவதில்லை. எங்கள் வட்டாரத்தில் இப்படி நேரும்போது அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நிற்கும் வேலை எங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அங்கே தவறாமல் ஒரு வாக்கியம் எங்கள் காதில் விழும். "நாங்க இறங்கச் சொல்லல, அவனாவே இறங்கிட்டான்." வீட்டுக்காரர் அதைச் சொல்வார். மேஸ்திரி சொல்வார். சாயங்காலத்துக்குள் அது காவல் நிலையத்துக் காகிதத்திலும் ஏறிவிடும். இறந்தவனுடைய அப்பாவே எங்களிடம், "இவன் ஏன் சார் இறங்கினான்?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேல்மூடி வார்ப்பதற்காக உள்ளே பலகை அடித்து, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறார்கள். ஆள் இறங்க இரண்டடிக்கு இரண்டடி வாய் ஒன்று மட்டும் இருக்கும். கான்கிரீட் இறுகுவதற்காக மேலே கட்டும் தண்ணீர் உள்ளே சொட்டுகிறது. மழைத் தண்ணீரும் சேர்கிறது. இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதிப்படி 4.5 மீட்டர் வரை நீளும் ஸ்லாபின் முட்டை 7 நாளிலும், அதற்கு மேல் நீளும் ஸ்லாபின் முட்டை 14 நாளிலும் எடுக்கலாம். நம் ஊர்களில் அப்படியா நடக்கிறது? பூச்சு வேலை, டைல்ஸ் வேலை எல்லாம் முடியட்டும் என்று ஒரு மாதம், இரண்டு மாதம்கூடப் பலகை உள்ளேயே கிடக்கிறது. ஈரத்தில் கிடக்கும் பலகையும் சவுக்குப் பட்டையும் கயிறும் அழுகுகின்றன. அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டிக் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தில் ஆள் இறங்கக் கூடாது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்க நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பழைய தொட்டிகளில் இதோடு ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், 'நாத்தம் போயிடுச்சு, இப்ப இறங்கலாம்' என்று நினைப்பவன் மிக மோசமான நேரத்தில் இறங்குகிறான்.

இவ்வளவும் படித்தவர்களுக்குத் தெரியும். அளக்கும் கருவி இருக்கிறது. தொழிற்சாலைகளில் எழுதி வைத்த நடைமுறை இருக்கிறது. நம் தெருவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

கட்டட வேலை இன்று எல்லாச் சாதிக்காரர்களும் செய்யும் வேலை. காலனியிலிருந்து பேர் சொல்லக்கூடிய கொத்தனார்களும் மேஸ்திரிகளும் வந்திருக்கிறார்கள். ஊர்த் தெருவில் சுவர் எடுக்கிறார்கள், படி கட்டுகிறார்கள், பூஜை அறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள் (ஒட்டி முடித்த மறுநாள் அந்த அறைக்குள் அவர்கள் போக முடியாது என்பது வேறு கதை). ஆனால் தொட்டி என்று வந்ததும் பழைய கணக்கு திரும்பி வந்துவிடுகிறது. ஒரு சொட்டு அழுக்கு விழாத தொட்டி அது. இருந்தாலும் அதற்குப் பெயர் கக்கூஸ் தொட்டி. சென்ட்ரிங் அடித்த ஆளே தயங்கி நிற்பார். "காலனிப் பையன் யாரையாவது கூப்பிடுப்பா, ஐந்நூறு கூடக் கொடுத்துடலாம்" என்று ஒரு குரல் வரும். இந்தக் குரலை எங்கள் காதால் கேட்டிருக்கிறோம்.

தொட்டியில் செத்தவர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நாங்கள் சொல்லவில்லை. வடமாநிலத்துப் பையன்கள் செத்திருக்கிறார்கள். பிற சாதியைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார்கள் செத்திருக்கிறார்கள். காப்பாற்றப் போன வீட்டுக்காரரும் செத்திருக்கிறார். வாயு சாதி பார்ப்பதில்லை. முதலில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

ஒரு தாளின் கதை

பெரிய கம்பெனி சைட்டுகளில் இதற்கு ஒரு தாள் இருக்கிறது. மேம்பாலம், மெட்ரோ, தொழிற்சாலைக் கட்டடம் என்று வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் பத்து நிமிடம் கூட்டி நிறுத்தி, இன்று என்ன வேலை, எங்கே ஆபத்து என்று பேசுவார்கள். மூடிய இடத்துக்குள் இறங்க 'பெர்மிட்' வேண்டும். அதில் கையெழுத்து இல்லாமல் ஒருவரும் கால் வைக்க முடியாது. அதே பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, மாமா கட்டும் வீட்டுத் தொட்டியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். அங்கே கற்றதை இங்கே யாரும் அவனிடம் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை. சொன்னால் 'பெரிய இன்ஜினீயர் வந்துட்டாரு' என்று சிரிப்பார்கள்.

அந்தத் தாளின் முதல் பாதிக்கு இடர் மதிப்பீடு என்று பெயர். என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, யாருக்கு, எவ்வளவு, தவிர்க்க என்ன வழி என்று கட்டம் கட்டி எழுதுவது. இரண்டாவது பாதி பாதுகாப்பான வேலைத் திட்டம். எந்த வேலையை முதலில், எதை அடுத்து, எந்தக் கருவியோடு, யார் செய்வது, எந்த நிலை வந்தால் வேலையை நிறுத்துவது என்று வரிசைப்படுத்துவது. இதில் 'யாருக்கு' என்ற கட்டத்தைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நம் கிராமங்களில் தாள் எழுதுவதற்கு முன்பே நிரப்பப்பட்டுவிட்ட கட்டம் அது.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-இல் மத்தியச் சட்டம் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தியது. தன் சொந்தக் குடியிருப்பைக் கட்டுபவருக்கு, செலவு 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொருந்தவில்லை. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதையும் சேர்த்து 13 சட்டங்களை ஒன்றாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அதிலும் பத்துப் பேர் என்ற எல்லை அப்படியே இருக்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கு மட்டும் 10 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. ஊராட்சியில் 50 லட்சத்துக்கு மேல் செலவழித்து வீடு கட்டுபவர் எத்தனை பேர்? ஒரு தொட்டிக்குப் பத்துப் பேரா வேலை செய்கிறார்கள்? நம் ஆட்கள் வேலை செய்யும் சைட் எதுவோ, அதைத் தேடிப் பிடித்து வெளியே விட்டதுபோல அமைந்திருக்கிறது இந்த வரையறை.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் 'சுத்தம் செய்ய' இறக்குவதை அது குற்றமாக்குகிறது. அப்படி இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதுத் தொட்டியில் பலகை பிரிப்பது சுத்தம் செய்வதாகாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றால் போதும். இந்தப் பக்கம் கட்டுமானச் சட்டம் கைவிடுகிறது, அந்தப் பக்கம் துப்புரவுச் சட்டம் கைவிடுகிறது. நடுவில் இரண்டடி வாய்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நாடே பார்த்தது. நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த விசாரணை தேவையானதுதான். ஒருவர் இருவராக ஊருக்கு ஊர் சாகும்போது ஆணையம் இல்லை, கேமரா இல்லை. 'சந்தேக மரணம்' என்று ஒரு வழக்கு எண், அவ்வளவுதான்.

நாங்கள் எழுதிய தாள்

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று எங்கள் படிப்பகத்தில் உட்கார்ந்து தாள் ஒன்றை எழுதினோம். டிப்ளமோ சிவில் படித்த ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்த இருவர், தமிழ் படித்த நாங்கள் சிலர், இரண்டு மேஸ்திரிகள். முதல் பிரதியைப் புத்தகம் பார்த்து எழுதினோம். 'வரையறுக்கப்பட்ட உள்வெளியில் நுழைவதற்கு முன்' என்று தொடங்கியது. மூத்த மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, தொட்டின்னு எழுது" என்றார். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

இரண்டாவது பிரதியைத் திருத்தியவர் ஒரு சித்தாள். இருபது ஆண்டுகளாகக் கல்லும் கலவையும் சுமப்பவர். 'யாருக்கு ஆபத்து' என்ற கட்டத்தில் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரைத்தான் எழுதியிருந்தோம். "மேல நிக்கறவரு பார்த்துக்கிட்டு நிக்கறாரு. கீழ சட்டி தூக்கிட்டு குனிஞ்சு போறது நாங்க. செங்கல் யாரு மண்டையில விழும்?" என்று கேட்டார். அறையில் இருந்த ஆம்பளைகள் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சாரத்துக்குக் கீழே நடக்கும் பாதையைக் கயிறு கட்டி மறிப்பது, மேலே வேலை நடக்கும்போது அடியில் யாரும் போகாதது என்று இரண்டு வரி சேர்ந்தது. அவரே இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் கழிப்பறை கட்டும் வேலையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பதும் ஆபத்துதானே என்றார். அதுவும் தாளில் இருக்கிறது.

தொட்டி வேலைக்கு நாங்கள் எழுதியதன் சாரம் இது. முதல் கேள்வி, உள்ளே இறங்காமலே முடிக்க வழி உண்டா? உண்டு. மேல்மூடியைத் தரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, இறுகிய பிறகு தூக்கி வைத்துப் பூசிவிட்டால் உள்ளே பலகையும் வேண்டாம், முட்டும் வேண்டாம், இறங்க ஆளும் வேண்டாம். சிறு வீடுகளுக்கு உறை இறக்கிக் கட்டும் இரட்டை உறிஞ்சுகுழியே போதும். ஆபத்தைச் சமாளிப்பதைவிட அது வராமல் செய்வது மேல் என்பது இந்தத் துறையின் முதல் பாடம். கையுறையும் ஹெல்மெட்டும் கடைசிப் பாடம். நாம் எப்போதும் கடைசிப் பாடத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பலகை அடித்தே ஆகவேண்டும் என்றால் மூடியில் எதிரெதிராக இரண்டு வாய் விட வேண்டும். விதி சொன்ன நாளுக்கு மேல் பலகையை உள்ளே விடக் கூடாது. இறங்குவதற்கு முதல் நாளே எல்லா வாயையும் திறந்துவிட்டு, தேங்கிய தண்ணீரை வெளியே நிற்கும் மோட்டாரால் இறைத்துவிட வேண்டும். டீசல், பெட்ரோல் இன்ஜினைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையே ஆளைக் கொல்லும். ப்ளோயர் வைத்துக் குழாய் வழியே அடிவரை காற்று ஊத வேண்டும். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் கேஸ் மீட்டரால் அளக்க வேண்டும். விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம் கிணற்று வேலையில் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது தவறு. விளக்குக்குப் போதுமான காற்றிலும் நச்சு கலந்திருக்கும். பழைய தொட்டியில் மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வழி வைத்துவிடும்.

இறங்குபவர் தோளையும் தொடையையும் பிடிக்கும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் மயங்கிய உடம்பு இரண்டாக மடங்கி அந்த இரண்டடி வாயில் மாட்டிக்கொள்ளும். மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் அவர்கள் இழுக்கலாம், கத்தலாம், 112-க்குப் பேசலாம். இறங்கக் கூடாது. இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தம்பியைத் தூக்க அண்ணன் இறங்கி, அண்ணனைத் தூக்க மாமன் இறங்கி, ஒரே தெருவில் மூன்று பந்தல் போடுவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

மற்ற வேலைகளுக்கும் எழுதியிருக்கிறோம், சுருக்கமாக. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764. அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. மாடியில் கம்பி தூக்கும்போது மின்கம்பி எவ்வளவு தூரம் என்று கீழேயே பார்த்துவிட வேண்டும்.

'ஒரு சின்ன வீட்டுக்கு இவ்வளவு எழுதணுமா?' என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. ஆனால் கட்டுகிற வீட்டுக்கு நாம் எவ்வளவு முன்னெச்சரிக்கை செய்கிறோம் என்று பாருங்கள். வாஸ்து பார்க்கிறோம், முகூர்த்தம் குறிக்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம், சாரத்தில் திருஷ்டி பொம்மை கட்டித் தொங்கவிடுகிறோம். அதுவும் ஒரு இடர் மதிப்பீடுதான். யாருடைய கண் படும் என்று யோசித்திருக்கிறோம், யாருடைய மூச்சு நிற்கும் என்று யோசிக்கவில்லை.

இன்னொரு எதிர்ப்பு எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. அதை எளிதில் தள்ள முடியவில்லை. கம்பெனி சைட்டில் அந்தத் தாளைப் படிக்கக்கூட விடாமல் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்; விபத்து நடந்தால், 'எல்லாம் சொல்லித்தான் இறக்கினோம், இதோ கையெழுத்து' என்று காட்டுகிறார்கள் என்றான் ஒரு பையன். உண்மைதான். தொழிலாளியின் கழுத்தில் சுருக்குப் போடவும் அதே காகிதம் பயன்படும். அதனால் எங்கள் தாளில் இறங்குபவரின் கையெழுத்துக்கு இடமே வைக்கவில்லை. வேலை கொடுப்பவரும் மேஸ்திரியும்தான் கையெழுத்துப் போட வேண்டும். இறங்குபவருக்கு ஒரே ஒரு வரி: 'மீட்டர் காட்டாமல் இறங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அன்றைய கூலி குறையாது.' கூலி போகும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். 1943-இல் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். படிப்பகச் சுவரில் கோட்டு போட்டு, புத்தகம் ஏந்தி நிற்கும் அண்ணலைத்தான் நம் மாணவர்களுக்குத் தெரியும். தொழிலாளி இறங்கும் குழியில் இறங்கிய அண்ணலையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் தெருவுக்கு ஏற்றபடி இந்தத் தாளை நீங்கள்தான் எழுத முடியும். உங்கள் அப்பாவுக்கும் சித்திக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள்.

அரசிடம் கேட்பதும் பெரிதல்ல. ஊராட்சியில் கட்டட வரைபட அனுமதி தரும்போது தொட்டியும் சாரமும் எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று இந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து வாங்கட்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். அந்த வீடுகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு பி.டி.ஓ. அலுவலகத்திலும் கேஸ் மீட்டர், ப்ளோயர், பெல்ட் இரண்டு செட் இரவலுக்கு இருக்கட்டும். தொட்டியில் ஆள் செத்தால் சந்தேக மரணத்தோடு நிறுத்தாமல், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் வழக்குப் பதியட்டும். புதுத் தொட்டி என்றாலும் பழைய தொட்டி என்றாலும் அதே 30 லட்சம் கிடைக்க விதியைத் திருத்தட்டும்.

சென்ற மாதம் பக்கத்து ஊரில் ஒரு தொட்டி. எங்களோடு உட்கார்ந்து தாள் எழுதிய மேஸ்திரியின் வேலை. பலகை உள்ளே போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் பையன் ஒருவன் மேலாளரிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேஸ் மீட்டரைக் கொண்டுவந்தான். கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதியிலேயே கத்தத் தொடங்கிவிட்டது. அடியில் 12 காட்டியது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தள்ளிப் போய் நின்றார். அன்று இறங்கவில்லை. மறுநாள் மூடியில் இன்னொரு வாய் உடைத்து, வாடகைக்கு ப்ளோயர் எடுத்து மூன்று மணி நேரம் ஊதினார்கள். நம் பையன் வேலைக்குப் போகும் முன் மீட்டரை இறக்கிக் காட்டினான். ஊதியது ஊதியபடி இருக்க, மூன்று மட்டத்திலும் 20.8. பெல்ட் போட்டு ஒருவர் இறங்கி, முக்கால் மணி நேரத்தில் பலகை மொத்தமும் வெளியே வந்தது.

நின்றுபோன அந்த ஒரு நாளுக்கு நான்கு பேருடைய கூலி வரவேண்டும். "வேலையே செய்யாத நாளுக்கு எதுக்குக் கூலி?" என்று கேட்டு, வீட்டுக்காரர் பாதிதான் கொடுத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் மேஸ்திரியிடம் இருக்கிறது. மீதியைக் கேட்க இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.